மழைக்கு லீவு உண்டு, மழைப் பாடம் எங்கே?

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கைப் பிரிவு இயக்குநராக இருந்த எஸ்.ஆர்.ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வுபெற்றார். மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஓய்வுபெற்றதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வருத்தப்பட்டது அநேகமாக அதுதான் முதல் முறை. டிவியில் அவர் முகம் தெரிந்தால் மறுநாள் லீவு என்பது அவர்களுடைய கணக்கு. லீவு விடுவது ரமணனின் வேலையே இல்லை, அது கலெக்டரின் அதிகாரம். இந்த விவரம் இப்போதைய பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நவம்பர் மாதத்து விடியற்காலையில் அப்பாவின் செல்போனை எடுத்துக் கலெக்டரின் எக்ஸ் பக்கத்தைத் தேடுகிற மூன்றாம் வகுப்புக்காரர்கள் இன்று வீட்டுக்கு வீடு உண்டு. அறிவிப்பு ஆறு மணிக்கு வந்தால் போர்வை. ஏழரைக்கு வந்தால், பாதி வழியில் நனைந்துகொண்டே திரும்பி நடக்க வேண்டும். வானிலை என்ற ஒன்றைப் பற்றி நம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அனுபவத்தில் கற்றது மொத்தமும் இவ்வளவுதான்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றாம் வகுப்பில் வந்து சேருகிற குழந்தைக்கு வானத்தைப் பற்றிக் கேட்க ஏராளமாக இருக்கிறது. மேகம் ஏன் கறுக்கிறது, ஆலங்கட்டி எங்கிருந்து விழுகிறது, மின்னல் முதலில் தெரிந்தும் இடி ஏன் பிந்தி வருகிறது. ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது அந்தக் கேள்விகள் இருந்த இடத்தில் ‘வானிலை, காலநிலை - வேறுபடுத்துக’ என்கிற வினா உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகம் வானிலையை ஒதுக்கிவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். அம்புக்குறி போட்ட நீர்ச்சுழற்சிப் படம் இருக்கிறது. பருவங்கள் இருக்கின்றன. பேரிடர் வந்தால் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வகுப்பறைக்கு வெளியே போய் எதையாவது அளந்து, தேதி போட்டு எழுதிவைக்கும் வேலை. படத்தில் அம்புக்குறி தலைகீழாகப் போனால் மதிப்பெண் குறையும். நேற்று ராத்திரி நம் ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று தெரியாவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

தனியார் நர்சரி பள்ளிகளின் கதை இன்னும் வேடிக்கை. சுவரில் நான்கு பருவங்களின் சார்ட் தொங்கும். ஒரு கட்டத்தில் பூக்கள், ஒன்றில் வெயில், ஒன்றில் பழுத்து உதிரும் இலைகள், கடைசிக் கட்டத்தில் கழுத்தில் துண்டு கட்டிய பனிமனிதன். மின்விசிறியும் ஓடாத அறையில் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, குழந்தை அந்தப் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். அந்த நான்கு பருவங்கள் ஐரோப்பாவுக்குப் பொருந்தும். இந்திய வானிலைத் துறை ஆண்டை வேறு விதமாகப் பிரிக்கிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்த பழைய கணக்கும் நம்மிடம் இருக்கிறது. இரண்டில் எதை மாட்டினாலும் குழந்தை தன் தெருவில் பார்ப்பதோடு ஒத்துப்போகும். கடைக்காரர் விற்கிற சார்ட்டைத்தான் மாட்டுவேன் என்றால் என்ன செய்வது?

தேசிய அளவில் எழுதப்படும் பாடங்களில் வேறொரு சிக்கல். அங்கே மழைக்காலம் என்றாலே ஜூன், ஜூலை. நாகப்பட்டினத்துக் குழந்தைக்கு ஜூன் என்பது கொளுத்துகிற வெயில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் பெய்கிறது. மாநிலத்துக்குள்ளேயும் எல்லாரும் ஒன்றல்ல. நீலகிரி மாவட்டத்தின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அதே வாரத்தில் கடலோர மாவட்டத்துப் பிள்ளைகள் புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருந்திருப்பார்கள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உண்டு. கூடலூருக்கும் கோடியக்கரைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் புத்தகம் விட்ட இடத்தை ஊர்தான் நிரப்ப வேண்டும். ஊரின் மழையையும் வெயிலையும் குறித்துவைக்கும் ஏடு நம் பள்ளிகளில் பார்க்கக் கிடைப்பதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தமிழ்நாடு முழுவதற்குமான ஓராண்டுச் சராசரி மழையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஓராண்டுக்கு உரியது ஒரு நாளில் இறங்கியது. இந்தச் செய்தியைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்த 95 என்ற எண் உறைத்தது? ஏறத்தாழ இடுப்பளவுத் தண்ணீரின் உயரம் அது, ஊர் முழுக்க. 5 செ.மீ. மழையில் தன் பள்ளி மைதானம் என்ன ஆனது என்று அளந்து பார்த்த குழந்தைக்கு 95 செ.மீ. என்றால் முதுகு சிலிர்க்கும். அளக்காதவருக்கு அது செய்தித்தாளில் வந்த ஒரு எண். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழைக்குப் பிறகு சென்னை மொத்தமும் இந்தப் பாடத்தைத் தண்ணீருக்குள் நின்று படித்தது. அதன் பிறகும் நாம் பிள்ளைகளுக்கு ஓர் அளவுகோல் வாங்கித் தரவில்லை.

அளவு தெரியாததன் விளைவு இன்னொன்று, வாட்ஸ்அப். ஒவ்வோர் ஐப்பசியிலும் ‘இன்று இரவு வரலாறு காணாத மழை’ என்று ஒரு ஃபார்வர்டு ஊர்வலம் வரும். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதிகனமழை. இந்த மூன்று வரியும், நான்கு நிற எச்சரிக்கையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத சங்கதியே இல்லை. பச்சை என்றால் கவலையில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படுங்கள். யுகேஜியிலேயே நிறங்களைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்த நிறம் எதைச் செய்யச் சொல்கிறது என்பதை மட்டும் சொல்லித் தருவதில்லை. ஆகவே ‘ரெட் அலர்ட்’ என்றால் லீவு என்று பிள்ளைகள் தாங்களாகவே மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

புயல் கூண்டும் அப்படித்தான். ‘நாகையில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்’ என்று ஆண்டுதோறும் கேட்கிறோம். மொத்தம் 11 எண்கள். தூரத்தில் ஏதோ உருவாகிறது என்பதில் தொடங்கி, துறைமுகத்துக்கே பெரும் ஆபத்து என்பது வரை எண்கள் ஏறும். 11-ஆம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். துறைமுக ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்குக்கூட இதைப் பள்ளி சொல்லித்தருவதில்லை. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற வரிசையும் காதில் விழுந்து போகிறதே தவிர, ஒவ்வொன்றும் காற்றின் வேகத்தால் பிரிக்கப்பட்ட படி என்பது மனத்தில் தங்குவதில்லை. மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் அதற்குப் புயல் என்று பெயர்.

உயிர் காக்கும் தகவல் ஒன்று இதற்குள் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது காற்று சட்டென்று ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று எண்ணித் தெருவுக்கு வந்து விழுந்த மரங்களைச் செல்போனில் படம் எடுத்தவர்கள் பலர். கண் நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. புயலின் நடுவில் அமைதியான ஒரு வட்டம் உண்டு, அது கடந்து, திரும்ப அடிக்கும் காற்றும் ஓயும் வரை வெளியே வரக் கூடாது என்பது இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் படம் போட்டுச் சொல்லக்கூடியது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லும். வீட்டில் டிவி மின்சாரமின்றிக் கிடக்கும் நேரத்தில் அதைச் சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒக்கி புயலை நினைத்தால் இந்த விஷயத்தில் பொறுமை போகிறது. 2017 நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலைக்குள் புயலாகிவிட்டது. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. எச்சரிக்கை போய்ச் சேராததற்கு அரசுகளும் அமைப்புகளும் பதில் சொல்ல வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த ஊர்களின் பிள்ளைகள் கடலுக்குப் போகும் வீட்டில் வளர்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் சொல்லும் தாத்தாக்கள் அங்கே இருக்கிறார்கள். எந்தக் காற்றில் எந்த மீன் கிடைக்கும், எந்தக் காற்றில் வலை இறக்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பாடம். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்ததும் ‘காற்று என்றால் நகரும் வளி’ என்று எழுதச் சொல்கிறோம். அதன் வீட்டில் இருக்கும் அறிவை யாரும் கேட்பதில்லை. வானிலை மையத்தின் அறிக்கையை வாசிக்கவும் கற்றுத் தருவதில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தக் குழந்தை அப்பாவிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

இடி, மின்னல் இன்னும் எளிய பாடம். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் நின்றவர்கள், ஆடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி எடுக்கும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 30-க்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. வகுத்தல் கணக்கை மூன்றாம் வகுப்பில் ஆரம்பிக்கிறோம். மாம்பழத்தை மூன்று பேருக்குப் பிரிப்பதற்குப் பதிலாக ஒரு நாளாவது இடியைப் பிரிக்கலாமே.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. 2022-ல் தமிழ்நாடு அரசு வானவில் மன்றம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர்கள் பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டுகிறார்கள். நல்ல திட்டம். அது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். பக்கத்து மாநிலமான கேரளம் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் வானிலை நிலையம் அமைத்திருக்கிறது. அதுவும் புவியியல் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில். எங்கே பார்த்தாலும் அறிவியல் உபகரணம் ஆறாம் வகுப்புக்குக் கீழே இறங்குவதில்லை. சின்னப் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பயம்போலும். மழையில் ஓடிப்போய் நனைவதற்கு ஆசைப்படும் வயதை விட்டுவிட்டு, மழை என்றால் டியூஷன் போக முடியாதே என்று கவலைப்படும் வயதில் மழைமானியைக் கையில் கொடுக்கிறோம்.

இத்தனைக்கும் தொடக்கப் பள்ளிக்குத்தான் இதற்கான நேரம் தானாக அமைந்திருக்கிறது. இந்தியா முழுவதும் வானிலை நிலையங்களில் நாள் மழை அளக்கப்படுவது காலை 8.30 மணிக்கு. முந்தைய நாள் 8.30-லிருந்து அன்று 8.30 வரை பெய்ததுதான் அந்த நாளின் கணக்கு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் பள்ளியில் இருக்கிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவப் போகும் இரண்டு பிள்ளைகள் மழைமானியையும் பார்த்துவிட்டு வந்தால் போதும். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் அதிகாரி எடுக்கும் அளவும், வேதாரண்யம் பக்கத்தில் ஒரு குக்கிராமத்து நான்காம் வகுப்புப் பெண் எடுக்கும் அளவும் ஒரே நேரத்துக் கணக்காக இருக்கும். மறுநாள் செய்தித்தாளில் பக்கத்து ஊர் அளவைத் தேடிப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு ஒரு காரணம் கிடைக்கும். செய்தித்தாள் வாசிக்க வைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

கருவி பெரிய செலவில்லை. பக்கங்கள் நேராக இருக்கிற ஒரு பெட் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டினால் முடிந்தது. அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, ஸ்கேலின் சுழியம் வரை தண்ணீர் நிரப்பிவைக்க வேண்டும். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, திறந்த இடத்தில், சாயாமல் செங்கலுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். இடமில்லாத நகரத்துப் பள்ளிகளுக்கு மொட்டைமாடி இருக்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் கடையில் சில நூறு ரூபாய்க்கு மழைமானி கிடைக்கிறது. பள்ளி மானியத்தில் அதற்கு இடம் உண்டு (அந்த மானியம் தில்லிக்கும் சென்னைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளாத ஆண்டுகளில்). ஐந்தாம் வகுப்புக்கு அதிலிருந்தே கணக்கும் கிடைக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 5 செ.மீ. பெய்தால் 5,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் ஐந்து நிரம்பும். 2003-லிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்த 5,000 லிட்டர் தங்கள் பள்ளியில் எங்கே போகிறது என்று பிள்ளைகள் குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தால் பல இடங்களில் அது சாக்கடையில் போய் முடியும். அதையும் அவர்கள் எழுதட்டும்.

ஆசிரியர்களின் எதிர்ப்பு நியாயமானது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஈராசிரியர் பள்ளிகளில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி, அதற்கான மதிப்பீடு, வருகைப் பதிவு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று அவர்களுடைய நாளில் பாதி செல்போன் திரையில் கழிகிறது. இதற்கு நடுவில் மழைமானியா? ஆகவே பள்ளிக்கல்வித் துறைக்கு முதல் வேண்டுகோளே இதுதான்: தயவுசெய்து இந்த மழை அளவை எமிஸில் ஏற்றச் சொல்லாதீர்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். சிறந்த மழைமானிப் பள்ளிக்குக் கேடயம் அறிவிக்காதீர்கள். அந்த நிமிடமே அளவு பொய்யாகத் தொடங்கும். வகுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம், கரும்பலகையில் ஒரு மூலை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறளுக்கும் செய்திக்கும் பிறகு ஒரு வரி. இவ்வளவோடு நிற்கட்டும்.

விடுமுறை நாளில் யார் அளப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். அதிக மழை பெய்யும் நாளில்தான் பள்ளி மூடியிருக்கும். ஏட்டில் வெள்ளத்தன்று மட்டும் வெற்றிடம் இருக்கும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ, காலை உணவு சமைக்கும் அக்காவிடமோ அன்றைக்கு மட்டும் ஒப்படைக்கலாம். முடியாதபோது ‘சனி, ஞாயிறு சேர்த்து 34 மி.மீ.’ என்று எழுதலாம். பாட்டில் வழிந்துவிட்டால் ‘வழிந்துவிட்டது, அளவு தெரியவில்லை’ என்று எழுதலாம். அறிவியலில் முதல் ஒழுக்கமே இதுதான். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அளவை எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், தொடக்கப் பள்ளியின் இந்த ஐந்து ஆண்டுகளின் அருமை புரியும்.

ஏடு ஓராண்டு நிரம்பியதும் ஊர்ப் பழமொழிகளைச் சோதிக்கலாம். ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை’ என்கிறோம். எறும்பு ஏறிய நாளையும் மழை பெய்த நாளையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால் எத்தனை முறை பலித்தது என்று தெரிந்துவிடும். ‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்றார்கள். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். மார்கழி பிறந்ததே 17-ஆம் தேதி. கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்ட தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் வந்தது, மார்கழி நடுவில். பழமொழியைக் கேலி செய்யச் சொல்லவில்லை. பெரும்பாலான ஆண்டுகளுக்கு அது சரி. எந்த ஆண்டுக்குச் சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்கிறேன். பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்ல இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது.

மழைமானியோடு ஒரு வெப்பமானியும் வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் இருப்பது வேண்டாம், உடைந்தால் ஆபத்து. சிவப்புத் திரவம் ஏற்றிய சாராய வெப்பமானி போதும். கோடை வெயிலால் 2023-ல் பள்ளித் திறப்பு தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் ஜூன் 14-ல்தான் தொடங்கின. 2024-லும் ஜூன் 10 வரை தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிடர் என்று அரசிதழில் எழுதியாகிவிட்டது, அதை அளக்கும் கருவி குழந்தை உட்காரும் அறையில் இல்லை. காலை பதினொரு மணிக்கு வேப்பமர நிழலில் ஓர் அளவு, தகரக் கூரை போட்ட வகுப்பறைக்குள் ஓர் அளவு, மதியம் மறுபடியும் இரண்டு. இதை ஏப்ரல் மாதம் முழுக்க எழுதிவைத்தால் அந்த நோட்டுப் புத்தகமே கட்டடம் கேட்டுக் கொடுக்கும் மனுவாகிவிடும். ஒருவேளை அதனால்தான் யாரும் வாங்கிக் கொடுப்பதில்லையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கும் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பருவங்களையும் எச்சரிக்கை நிறங்களையும் புயல் கூண்டு எண்களையும் காட்டும் தமிழ்ச் சுவர்த்தாள் ஒன்றை, கடலோரம், மலை, சமவெளி என்று மூன்று விதமாக அச்சிட வேண்டும். ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. மாதந்தோறும் கூடும் குறுவள மையத்தில் ஓர் அரை நாள் போதும். மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அலுவலர் ஒருவர் அங்கே வந்து கருவியை எங்கே வைப்பது என்று காட்டினால் இன்னும் நல்லது. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே ஆய்வகம் கட்டி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வானிலையைக் குறித்துவைக்கத் தொடங்கிய நகரம் நம்முடையது. அந்த வளாகத்தை வருடத்தில் சில நாள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மாவட்ட எச்சரிக்கையை ஊராட்சிக்கு அனுப்பும்போது தலைமையாசிரியருக்கும் நேரடியாக அனுப்ப வேண்டும். லீவு அறிவிப்பை முந்தைய இரவே சொல்ல முடிகிற நாட்களில் முந்தைய இரவே சொல்ல வேண்டும். ஏன் லீவு என்று ஒரு வரியும் அதில் இருந்தால், காலையில் செல்போனைத் தேடும் அந்த மூன்றாம் வகுப்புக்காரரும் ஒரு வரி படிப்பார்.

துறைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, பாட்டிலை வெட்டி வைத்துவிடலாம். அக்டோபர் 2 கிராம சபையில் மழைமானிக்கும் வெப்பமானிக்கும் ஊராட்சி பணம் ஒதுக்கக் கேட்கலாம். கூட்டத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகள் அளந்த ஏட்டையும் எடுத்துப்போனால் வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிப் பேச எண்கள் கையில் இருக்கும். பள்ளிக்கல்வித் துறையின் பங்குக்குத் தேவைப்படுவது ஒரு சுற்றறிக்கை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பருக்குள் அந்தச் சுற்றறிக்கை வட்டாரக் கல்வி அலுவலர்களின் மேசைக்கு வர வேண்டும். நவம்பரில் வந்தால் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.